தலைகீழ் வாத்துகள்

அந்த வீட்டில் மூன்று அறைகள் இருந்தன. எதிலும் உட்கார இடம் இல்லை. படுக்கையறையில் மூன்று தையல் மெஷின்கள், ஓரமடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின். கூடத்தை அடைத்துக்கொண்டு துணி வெட்டும் மேசை. மிச்சமிருந்த சின்ன அறையில் துணிச் சுருள்கள், பட்டன் டப்பாக்கள், எலாஸ்டிக் உருண்டைகள், இவற்றுக்கு நடுவே எப்படியோ இரண்டு பெண் குழந்தைகளின் கட்டில். புருஷனும் பெண்டாட்டியும் வெட்டு மேசைக்கு அடியில் மெத்தையை விரித்துப் படுத்தார்கள். யாராவது விருந்தாளி வந்தால் முதலில் நாற்காலியிலிருந்து ஃப்ராக்குகளை அள்ள வேண்டும். அவர் கிளம்பும்போது முதுகில் ஒட்டியிருக்கும் நூலையும் எடுத்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் காரணமானவளுக்கு வயது முப்பத்தாறு. தெருவில் அவளுக்கு ‘ஃப்ராக் அக்கா’ என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் கூசாமல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

தொழில் தொடங்க வேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. மூத்த மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, கடையில் வாங்கிய கவுன்களின் கழுத்துத் தையல் உரசி உரசிக் குழந்தையின் கழுத்தெல்லாம் சிவந்து போனது. வீட்டுக்காரருடைய பழைய சட்டை ஒன்று, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது, அதை வெட்டி, தையல் உடம்பில் படாதபடி உள்ளே பட்டி வைத்து ஒரு ஃப்ராக் தைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். “நல்லாயிருக்கே, என் பொண்ணுக்கும் ஒண்ணு தச்சுக் குடேன், வீட்லதானே இருக்கே” என்றாள். அந்த ஒன்று பத்து வருஷத்தில் மாதம் நானூறாக ஆகிவிட்டது.

“வீட்லதானே இருக்கே.” யார் கண்டுபிடித்த வார்த்தையோ, அவன் நன்றாக இருக்கட்டும். கீழ்வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார், அவள் வீட்டில்தானே இருக்கிறாள். சொந்தக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அவள் வீட்டில்தானே இருக்கிறாள். பட்டன் அறுந்ததென்று விடியற்காலையில் கதவைத் தட்டுகிறவர்கள் உண்டு. கடையென்றால் ஷட்டரை இழுத்து மூடலாம். வீட்டை எப்படி மூடுவது?

வெளியே போய் வேலை பார்க்கிற பெண்களைப் பார்த்து, ‘பாவம், பிள்ளைகளோடு இருக்க முடியவில்லையே’ என்று ஊர் உச்சுக் கொட்டும். இவளோ நாள் முழுக்கப் பிள்ளைகளோடுதான் இருந்தாள். காய்ச்சல் மருந்து கொடுக்கும்போதும் பல்லிடுக்கில் நூல் இருந்தது. சின்னவள் எண்ணக் கற்றுக்கொண்டதே பட்டன் டப்பாவில்தான். சுவரில் ஆணியடித்து அட்டை பேட்டர்ன்களைத் தொங்கவிட்டிருந்தாள். துணி வெட்டுவதற்கு அந்த அட்டைகள்தான் அளவு. ஒவ்வொன்றிலும் ‘பெரியவள் 2 வயது’, ‘பெரியவள் 3 வயது’ என்று எழுதியிருக்கும். மூத்தவளின் தோள் அகலம் எந்த வயதில் எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். ‘நான் முதன்முதலில் என்ன வார்த்தை பேசினேன்’ என்று ஒருநாள் அந்த மகளே கேட்டபோது, யோசித்து யோசித்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. ‘அம்மா’ என்று புளுகினாள். அந்தப் புளுகு இன்னும் உள்ளே குத்திக்கொண்டுதான் இருந்தது.

நிறுத்திவிடலாமே என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிடலாம். நான்கு வருஷத்துக்கு முன்பு, வேலை தலைக்கு மேல் போனபோது, வீட்டுக்காரர் தான் பார்த்துக்கொண்டிருந்த கிடங்கு வேலையை விட்டுவிட்டு வந்தார். “நீ ஒத்தையா கஷ்டப்படுறதை எவ்வளவு நாள் பாத்துக்கிட்டு இருக்கிறது?” என்றார். நல்ல மனுஷர். அதுதான் கஷ்டமே. முரடராக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அவரோ சமைத்தார், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார், மூட்டை சுமந்தார், பார்க்கிறவர்களிடமெல்லாம் “எங்க வீட்டு முதலாளி” என்று அவளைக் காட்டிச் சிரித்தார். அவருக்குப் பின்னாலேயே அவர் தங்கை வந்தாள். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட அந்த நாத்தனாருக்குக் காஜா போடுவதும் பட்டன் தைப்பதும் வேலை. போதாக்குறைக்குத் தைக்க வரும் பெண்கள் இரண்டு பேர். இவள் ஒருத்தி எழுந்து நின்றால் ஐந்தாறு பேர் மடியிலிருந்து கீழே விழுவார்கள்.

இந்த நிலையில்தான் லேஸ் கடையில் அந்த அம்மாளைப் பார்த்தாள். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்த அம்மாள், சின்னவள் போட்டிருந்த ஃப்ராக்கின் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தக் கழுத்து யாரு வெட்டினது?”

“நான்தாங்க.”

அவர் ஒரு பெரிய ஆயத்த ஆடை கம்பெனியின் மாதிரி அறைக்கு மேற்பார்வையாளர். புதிதாக வரப்போகும் உடுப்புகளை முதலில் ஒன்றே ஒன்று வெட்டித் தைத்துப் பார்க்கிற இடம் அது. அங்கே ஓர் ஆள் ஓய்வு பெறுகிறார், வந்து வெட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை, பட்டன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்காரரிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். மாதிரி அறையில் நான்கு ஜன்னல்கள் இருந்தன. ஒவ்வொருத்திக்கும் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் துணி எதுவும் இல்லை. ஒரு படத்தைக் கொடுத்து அதற்குக் காலர் வெட்டச் சொன்னார்கள், வெட்டினாள். அந்த அம்மாள் காலரைக் கையில் வைத்துக்கொண்டு, “அடுத்த திங்கக்கிழமை வந்து சேந்துடுங்க. வரேன், வரலைன்னு சனிக்கிழமைக்குள்ள ஒரு போன் பண்ணுங்க” என்றார். பிறகு, சாதாரணமாக, “அஞ்சரைக்கு லைட்டை அணைச்சுட்டுக் கிளம்பிடுவோம். யாரும் வேலையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது” என்றார்.

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லைட்டை அணைத்துவிட்டுக் கிளம்புவதா! உலகத்தில் இப்படியும் ஒரு சுகம் இருக்கிறதா?

திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். கிடங்கிலிருந்து வீட்டுக்காரரைத் திரும்ப வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் வந்தது. நாத்தனாரை அந்த லேஸ் கடையிலேயே சேர்த்துவிடலாம். தைக்க வருகிற பெண்களுக்கு வேலை கிடைக்காமலா போகும்? கையில் இருக்கிற ஆர்டர் எண்பது ஃப்ராக், வெள்ளிக்கிழமை குழந்தைகள் துணிக்கடையில் கொடுக்க வேண்டியது. அதைக் கொடுத்த கையோடு எல்லோரிடமும் சொல்லிவிடுவது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். மனதுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் நுழையும்போதே வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

“எண்பதையும் வெட்டிட்டேன். கட்டுக் கட்டி வச்சாச்சு. நீ வந்து தச்சா போதும்.”

வழக்கமாக வெட்டுவது அவள் மட்டும்தான். அவள் வெட்டுவதை நாலு வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர், இன்றைக்கு அவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று தானே கத்திரி மெஷினைப் பிடித்துவிட்டார். மஞ்சள் துணி, அதில் வரிசையாக வெள்ளை வாத்துகள். அவள் ஒரு கட்டைப் பிரித்தாள். முதல் துண்டில் வாத்துகள் ஒழுங்காக நடந்து போயின. இரண்டாவது துண்டில் எல்லா வாத்தும் தலைகீழாக நின்றன. மூன்றாவது சரி. நான்காவது தலைகீழ்.

“எப்படி விரிச்சீங்க?” என்றாள்.

“நீ ஒவ்வொரு அடுக்கு விரிச்சதும் துணியை வெட்டிட்டு, சுருளைத் தூக்கிட்டுத் திரும்ப அந்தக் கோடிக்கு நடந்து போறே. எதுக்கு வீணா நடக்கணும்? போகும்போது ஒரு அடுக்கு, அப்படியே மடக்கி வரும்போது ஒரு அடுக்குன்னு விரிச்சேன். பாதி நேரத்துல முடிஞ்சுது!” பெருமையாகத்தான் சொன்னார், பாவம்.

பூ போட்ட துணியென்றால் அப்படி விரிக்கலாம், எந்தப் பக்கம் திருப்பினாலும் பூ பூதான். தலையும் காலும் உள்ள படம் என்றால் எல்லா அடுக்கும் ஒரே திசையில் போக வேண்டும். மடக்கிக்கொண்டு வந்தால் வரும் அடுக்கில் எல்லாம் கவிழ்ந்துவிடும். பத்து வருஷமாக அந்த மேசையைச் சுற்றி அவள் நடந்த நடையெல்லாம் அதற்குத்தான். பக்கத்தில் நின்ற மனுஷருக்கு நடை தெரிந்ததே தவிரக் காரணம் தெரியவில்லை. அவளும் சொன்னதில்லை. சொல்ல நேரம் எங்கே இருந்தது?

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “ஐயையோ அண்ணா, வாத்தெல்லாம் குட்டிக்கரணம் போடுதே!”

வீட்டுக்காரர் ஒவ்வொரு கட்டாகப் பிரித்தார். முகம் செத்துப் போனது. எண்பதில் நாற்பது தலைகீழ். அந்தத் துணி இனி ஒரு முழம்கூடக் கிடைக்காது, சுருள் மொத்தத்தையும் வாங்கியாகிவிட்டது. அவர் மேசை ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, “என்னாலதான்... என்னாலதான் எல்லாம் போச்சு” என்றார்.

அப்போது அவளுக்கு வந்தது கோபமில்லை. சந்தோஷம். வெட்கக்கேடுதான், ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமே. வயிற்றுக்குள்ளிருந்து குளுகுளுவென்று ஒரு சந்தோஷம் ஏறிக்கொண்டு வந்தது. கடைக்காரர் இதைத் திருப்பி அனுப்புவார். அவர்தான் அவர்களுடைய சரக்கில் பாதிக்கு மேல் எடுக்கிறவர், அவரோடு முறிந்தால் தொழில் தானாகப் படுத்துவிடும். அவள் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ‘வேறு வழியில்லை, நான் வேலைக்குப் போகிறேன்’ என்றால் எல்லோரும் பாவம் என்பார்கள். பழி அவள் தலையில் விழாது. விழுகிற தலை தரையில் உட்கார்ந்திருந்தது. ‘பரவாயில்லைங்க, விடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

வெட்டின துணியை என்ன செய்வது, தைத்துத்தான் வைப்போம், குறைந்த விலைக்காவது எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர்தான் சொன்னார். தைத்தார்கள். புதன்கிழமை, கழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஐந்து வயதுச் சின்னவளை ஸ்டூலில் ஏற்றி ஒரு ஃப்ராக்கை மாட்டினாள். மாட்டினது தலைகீழ் வாத்து. ஸ்டூலில் ஏற்றினால் எப்போதும் ‘குத்துது, கூசுது’ என்று நெளிகிறவள் அன்றைக்கு அசையாமல் நின்றாள். குனிந்து தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இந்த வாத்து என்னைப் பாக்குதும்மா.”

“சரி சரி, கையைத் தூக்கு. இன்னொண்ணு போட்டுப் பாக்கணும்.”

நேர்வாத்து ஃப்ராக்கை மாட்டியதும் குனிந்து பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். “இது வேணாம். இது மத்தவங்களுக்கு வாத்து. அதுதான் எனக்கு வாத்து.”

அவள் சொன்னது உண்மைதான். எதிரே நிற்கிறவர்களுக்குத்தான் தலைகீழ். போட்டிருக்கிற குழந்தை குனிந்து பார்த்தால் வாத்து நேராக, அவளுக்கென்றே நிமிர்ந்து நிற்கிறது. இத்தனை வருஷத்தில் இது தனக்குத் தோன்றவில்லையே! கழுத்தைச் சுற்றி மட்டும் ஒரு வரி பைப்பிங் ஓரப்பட்டி கொடுத்து, ஒரு பாக்கெட்டை வைத்து, அதிலிருந்து வாத்து எட்டிப் பார்க்கிற மாதிரி... அவள் மனம் தன் போக்கில் வெட்டத் தொடங்கிவிட்டது. சட்டென்று அதைப் பிடித்து நிறுத்தினாள். ஃப்ராக்கைக் கழற்றி மடித்து அடியில் வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் மூட்டையோடு கடைக்குப் போனார்கள். கடைக்காரருக்கு அவர்கள் வீட்டில் வைத்திருந்த பெயர் ‘பார்ப்போம்’. எதற்கும் ஆமென்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார். வீட்டுக்காரர் வாசலிலேயே, “நானே சொல்லிடறேன். நீ பேசாம இரு. தப்பு என்னுது” என்றார். சரியென்று தலையாட்டினாள். பேசாமல் இருப்பதைத் தவிர அன்றைக்கு அவளுக்கு வேறு வேலை இல்லை.

நல்ல நாற்பதைப் பார்த்து முடித்த கடைக்காரர் அடுத்த கட்டில் ஒன்றை உதறிப் பிடித்தார். அதையே பார்த்தார். பிறகு வீட்டுக்காரரைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

“என்னம்மா இது, படத்துணியைத் தலைகீழா வெட்டி வச்சிருக்கீங்க? நேத்து கத்திரி பிடிச்சவன்கூட இப்படிப் பண்ணமாட்டானே. இதுகூடவா உங்களுக்குத் தெரியாது?”

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். வார்த்தை வருவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“தெரியாம வெட்டலை சார்.”

சொல்லிவிட்டாள். எங்கிருந்து வந்தது அது? பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். புருஷனைக் காப்பாற்றவா? இல்லை. பத்து வருஷம் கண்ணும் இடுப்பும் போக வெட்டினவளைப் பார்த்து ‘உனக்குத் தெரியாதா’ என்று ஒருத்தர் கேட்டுவிட்டார். அது பொறுக்கவில்லை. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

“குழந்தை குனிஞ்சு பாக்குற மாதிரி வெட்டினது சார் அது. எல்லாரும் பாக்குறவங்களுக்குத்தான் படம் போடுறாங்க. போட்டுக்கிற குழந்தைக்கு யாரு போடுறா? வேணும்னா யாருக்காவது போட்டுப் பாருங்க.”

கடையில் ஒரு பெண்மணி நாலு வயதுப் பெண்ணோடு வெகுநேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை எதையும் போட்டுப் பார்க்க மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் ஃப்ராக்கை நீட்டினார். வாத்து தன் வேலையைக் காட்டியது. குழந்தை குனிந்தது, சிரித்தது, வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பேசத் தொடங்கியது. அம்மாவும் பொண்ணும் போகும்போது இரண்டு ஃப்ராக் போனது, ஒன்று குழந்தையின் மேலேயே.

கடைக்காரர் ‘பார்ப்போம்’ என்று சொல்லவில்லை. “இப்ப எடுக்கிறது போக மாசம் இன்னும் முந்நூறு. வாத்து, முயல், யானை, எதுவா இருந்தாலும் இதே மாதிரி கவுத்து வெட்டணும். இந்த மாடலை வேற எந்தக் கடைக்கும் குடுக்கக் கூடாது. வருஷம் முழுக்க” என்றார்.

அவள் ‘முடியாது’ என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் வீட்டுக்காரர் கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் காலி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நடுத்தெருவில் நின்றார். கண் கலங்கியிருந்தது.

“எனக்காக அப்படியே மாத்திப் பேசிட்டியே. நாலு நாளா நீ என்கூட முகம் குடுத்துப் பேசலை. கோவமா இருக்கேன்னுதான் நினைச்சேன். என் மானத்தைக் காப்பாத்த இப்படி ஒண்ணை யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கே.”

இல்லைங்க, நான் உங்களை விட்டுவிட்டு ஓடப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? “வாங்க, சின்னவளை ஸ்கூல்லருந்து கூட்டிட்டு வரணும்” என்றாள்.

செய்தி அவர்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. நாத்தனார் வந்து கட்டிக்கொண்டாள். “அண்ணி, இனிமே நான் வேற எங்கேயும் போகவேண்டியதில்லை இல்ல? மனசுக்குள்ள ஒரே பயமா இருந்துச்சு” என்றாள். தைக்க வரும் பெண்களில் ஒருத்தி, தன் தங்கையும் மெஷின் ஓட்டுவாள் என்றாள். வீட்டுக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு சின்ன அறையை அளக்கப் போய்விட்டார். குழந்தைகளின் கட்டிலை நிமிர்த்தி வைத்தால் இன்னொரு மெஷின் போடலாமாம்.

“அப்போ நாங்க எங்கே படுக்கிறது?” என்றாள் மூத்தவள்.

“மேசைக்கு அடியில, எங்ககூட. ஜாலியா இருக்கும்” என்றார் அப்பா.

மூத்தவள் அம்மாவைப் பார்த்தாள். நீயாவது ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அம்மா குனிந்து, அட்டையில் முயலுக்குப் பேட்டர்ன் வரைந்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை, துணி உலர்த்தப் போவதாகச் சொல்லி வாளியோடு மாடிப்படிக்குப் போனாள். பாதிப் படியில் உட்கார்ந்து அந்த அம்மாளுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு மனம், எடுத்து ‘வந்தே ஆகணும்’ என்று அதட்டினால் நல்லது என்று இன்னொரு மனம்.

“வர முடியலை மேடம். தொழில் கொஞ்சம் பெரிசாகிடுச்சு.”

“அடடா! நல்ல விஷயம்தானே, ஏன் குரல் இப்படி இருக்கு? கொடுத்து வச்சவங்கம்மா நீங்க. நாங்கல்லாம் இன்னொருத்தருக்குக் கைகட்டி நிக்கிறோம். நீங்க உங்களுக்கு நீங்களே ராணி.”

“ஆமா மேடம்.” வாளியை ஓரமாக நகர்த்தினாள். “அடுத்த வருஷம் ஏதாவது இடம் வருமா?”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “இந்த நாற்காலியில இருந்தவங்க இருபத்திரண்டு வருஷம் கழிச்சு, வயசாகித்தான் எழுந்தாங்க. நீங்க வரலைன்னா இனிமே உக்காரப் போறவங்களுக்கு இருபத்தஞ்சு வயசு. இங்க வந்தவங்க யாரும்மா விட்டுட்டுப் போவாங்க?”

“சரி மேடம்” என்று போனை வைத்தாள். முப்பத்தாறோடு இருபத்திரண்டைக் கூட்டிப் பார்த்தாள். வாளியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. யாராவது கூப்பிடும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.